குளிர்காலம் வருகிறது: 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' முதல் பகுதி பற்றிக் கேள்வி பதில்

நாகர்கோவிலில் நம் நண்பர்கள் வட்டம் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் முதல் பகுதியைச் சேர்ந்து பார்த்தது. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 1996இல் வெளியிட்ட நாவலை டேவிட் பெனியாஃபும் டி. பி. வைஸும் தொடராக்க, எச்.பி.ஓ. இந்தப் பகுதியை 2011 ஏப்ரல் 17 அன்று ஒளிபரப்பியது. பார்த்தவர்கள் எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. பின்னால் வரும் கதையை முடிந்தவரை தொடவில்லை.

சுசீந்திரம்: அண்ணாச்சி, தொடக்கத்தில் பனிக்காட்டில் நீலக்கண் பிணங்களைக் காட்டி நடுங்க வைக்கிறார்கள். பிறகு அவற்றை அப்படியே விட்டுவிட்டு ராஜா வருகை, விருந்து, கல்யாணம் என்று போய்விடுகிறார்கள். இது ஏமாற்று வேலை இல்லையா?

இந்தப் பகுதியின் பெரிய பலமே அதுதான் என்பேன். நம் ஊர்க் கொடைகளில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு இந்த முறை பழக்கமானது. காப்பு பாடியதும் வருபொருள் உரைப்பார்கள். கதையில் என்ன வரப்போகிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டு, அவையடக்கம், நாட்டு வளம் என்று நிதானமாகத்தான் கதைக்குள் போவார்கள். இறுதியில் இன்ன கேடு வரும் என்று தெரிந்தே உட்கார்ந்திருப்பதால், நடுவில் வரும் சிறு சண்டைகளுக்கும் கனம் கூடிவிடுகிறது. அந்தப் பனிக்காட்டுக் காட்சி இங்கே அந்த வேலையைச் செய்கிறது.

அப்படியே விட்டுவிடவும் இல்லை. காட்டிலிருந்து தப்பி ஓடிய காவலன் பிடிபடுகிறான். தான் கண்டதை விண்டர்ஃபெல் கோட்டையின் தலைவர் நெட் ஸ்டார்க்கிடம் சொல்கிறான். அவன் சொல்வது உண்மை என்று நமக்குத் தெரியும், நெட்டுக்குத் தெரியாது. 'தீர்ப்புச் சொல்பவனே வாளையும் வீச வேண்டும்' என்ற கொள்கைப்படி அவனைத் தன் கையாலேயே வெட்டுகிறார். நேர்மையான மனிதர், முறைப்படி செய்கிறார், ஆனாலும் தவறு நடந்துவிடுகிறது. மந்திரமும் பூதமும் நிறைந்த கதை என்று நினைத்து வந்தவரை இந்த ஒரு காட்சியிலேயே மனிதர்களின் கதைக்குள் இழுத்துவிடுகிறார்கள்.

குழித்துறை: யார் யாருக்கு என்ன உறவு என்று கடைசி வரை எனக்குப் பிடிபடவில்லை. குறை என்னிடமா, படைப்பிடமா?

படைப்பிடம்தான். இதற்கு ஒரு பின்கதை உண்டு. 2009இல் டாம் மெக்கார்த்தி இயக்கத்தில் முதல் பகுதியை ஒருமுறை முழுதாக எடுத்தார்கள். அது ஒளிபரப்பாகவே இல்லை. நெருங்கிய நண்பர்களுக்குப் போட்டுக் காட்டியபோது, அரசி செர்சியும் ஜேமி லானிஸ்டரும் உடன்பிறந்தவர்கள் என்பதே பார்த்தவர்களுக்குப் புரியவில்லை. அது புரியாவிட்டால், அவர்கள் கூடியிருப்பதை நெட்டின் மகன் பிரான் பார்த்துவிடும் கோபுரத்து இறுதிக் காட்சிக்குப் பொருளே இல்லை. எனவே டிம் வான் பேட்டனை இயக்குநராக்கிப் பெரும்பகுதியைப் புதிதாக எடுத்தார்கள். டார்கேரியன் குலப் பெண் டெனேரிஸாக டாம்சின் மெர்ச்சன்ட் நடித்த இடத்துக்கு எமிலியா கிளார்க் வந்தார். நெட்டின் மனைவி கேட்லினாக ஜெனிஃபர் எலி இருந்த இடத்துக்கு மிஷெல் ஃபேர்லி வந்தார்.

அந்தப் பழுதைச் சரிசெய்த தையல் இன்னும் வெளியே தெரிகிறது. செர்சியிடம் பேசும் ஜேமி, 'உன் சகோதரன் என்ற முறையில்' என்று தொடங்குகிறான். வீட்டில் எந்த அண்ணன் தம்பி அப்படிப் பேசுவான்? ராஜாவின் பரிவாரம் வரும்போது சிறுமி ஆர்யா, அவன் அரசியின் இரட்டைச் சகோதரன் என்று அக்காவிடம் உரக்கச் சொல்கிறாள். இரண்டும் நமக்காகச் சொல்லப்படும் வசனங்கள். தேவையானவைதான், ஆனால் வசனம் எழுதியவரின் கை தெரிகிறது. இவ்வளவு சொல்லியும் விண்டர்ஃபெல் கோட்டையில் அடுத்தடுத்து வரும் முகங்கள் முதல்முறை பார்ப்பவருக்குக் குழம்பத்தான் செய்யும். ஸ்டார்க், லானிஸ்டர், பராத்தியன், டார்கேரியன் என்று நான்கு குடும்பப் பெயர்களை மட்டும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். மற்றவை தாமாக அடங்கிவிடும்.

தக்கலை: எனக்குப் பிடித்தது ஓநாய்க்குட்டிக் காட்சி. உங்கள் கருத்து?

இந்தப் பகுதியிலேயே சிறந்த காட்சி அது. வழியில் குடல் சரிந்த கலைமான் ஒன்று கிடக்கிறது. சற்றுத் தள்ளி ஒரு பெரிய பெண் ஓநாய் செத்துக் கிடக்கிறது, உடலில் ஒடிந்த மான்கொம்பு. ஓநாய் ஸ்டார்க் குடும்பத்தின் சின்னம், கலைமான் ராஜா ராபர்ட்டின் சின்னம். ராஜா இன்னும் வந்து சேரவில்லை, அவர் வந்தால் என்ன ஆகும் என்பதைக் காடு காட்டிவிட்டது. ஒருவரும் இதை வாய்விட்டு விளக்குவதில்லை என்பதைக் கவனியுங்கள். உறவுமுறையை வசனத்தில் திணித்த அதே ஆட்கள் இங்கே பார்ப்பவரை நம்பியிருக்கிறார்கள்.

அடுத்தது ஜான் ஸ்னோ. குட்டிகளைக் கொல்ல வாள் உருவியாயிற்று. 'குட்டிகள் ஐந்து, உங்கள் பிள்ளைகளும் ஐந்து' என்று சொல்லி அவற்றைக் காப்பாற்றுகிறான். கணக்குச் சரியாக வருவதற்காகத் தன்னை அதிலிருந்து விலக்கிக்கொள்கிறான். உனக்கு இல்லையா என்று தம்பி பிரான் கேட்க, நான் ஸ்டார்க் இல்லை என்கிறான். முறைதவறிப் பிறந்த பிள்ளையின் நிலை முழுவதையும் அந்தக் கணக்கு சொல்லிவிடுகிறது. பிறகுதான் ஒதுங்கிக் கிடந்த ஆறாவது குட்டி அவன் கைக்கு வருகிறது.

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பக்கத்தில் இருக்கும் உங்களுக்கு இந்த வேதனை புதிதாக இருக்காது. மருமக்கள்தாய முறையில் ராஜாவின் மகனுக்குப் பட்டம் கிடையாது, சகோதரியின் மகனான மருமகனுக்குத்தான். 1729இல் மார்த்தாண்ட வர்மா பட்டத்துக்கு வந்தபோது முந்தைய ராஜாவின் மகன்கள் பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் உரிமை கேட்டதில் எவ்வளவு ரத்தம் சிந்தியது! அங்கே விதி வேறு, இங்கே விதி வேறு. முறைதவறிப் பிறந்த ஜானுக்கு 'ஸ்னோ', பட்டமில்லாத ராஜா மகன்களுக்குத் 'தம்பி'. பெயரிலேயே வேலி போட்டுவிடுவது மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

மார்த்தாண்டம்: நான் நாவலைப் படித்தவள். கேட்லினை ஏன் இப்படி மாற்றினார்கள் அண்ணா?

நல்ல கேள்வி, சகோதரி. நாவலில் ராஜா தன் முதன்மை அமைச்சராக அழைத்ததும் போகத்தான் வேண்டும் என்று கணவனை வற்புறுத்துவதே கேட்லின்தான். மறுத்தால் ராஜா சந்தேகப்படுவார் என்று கணக்குப் போடும் அரசியல் அறிவு அவளுக்கு உண்டு. தொடரில் அவள் போகாதே என்று கணவனைத் தடுக்கிறாள், போகச் சொல்லும் வாதம் கோட்டையின் ஆலோசகர் மேஸ்டர் லூவினின் வாய்க்குப் போய்விடுகிறது. பார்ப்பவர்களுக்கு அவள்மேல் இரக்கம் வரட்டும் என்று செய்திருக்கலாம். எனக்கு இது பெரிய இழப்பு. திறமையான ஒரு பெண்ணை, வாசலில் நின்று கண் கலங்கும் மனைவியாகச் சுருக்கிவிட்டார்கள். மிஷெல் ஃபேர்லியின் நடிப்பு மட்டுமே அந்தப் பாத்திரத்தைக் காப்பாற்றுகிறது.

கருங்கல்: வளர்ந்த மகளோடு உட்கார்ந்துதான் பார்த்தேன். டெனேரிஸின் முதலிரவுக் காட்சியில் இருவருக்கும் மனம் கசந்துபோயிற்று. அது தேவையா?

தேவையில்லை அம்மா. இந்தப் பகுதியில் நான் மன்னிக்காத குறை அது. நாவலில் கணவன் ட்ரோகோ அவள் சம்மதத்துக்காகக் காத்திருக்கிறான். அங்கே அவள் வயது 13தான் என்பது அதைவிடப் பெரிய சங்கடம், அதனால் நாவலையும் நான் முழுதாக ஆதரிக்கவில்லை. தொடரில் வயதைக் கூட்டினார்கள், சம்மதத்தை எடுத்துவிட்டார்கள். அழுதுகொண்டிருக்கும் பெண்மீது பலவந்தம் நடக்கிறது. அண்ணன் விசேரிஸ் படைக்காகத் தங்கையை விற்கிறான் என்ற கொடுமை அதற்கு முன்பே, அவள் கொதிக்கும் நீரில் இறங்கும் காட்சியிலேயே தெளிவாகிவிட்டது. அந்தக் காட்சியில் அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அதுவே போதும். பின்னால் இந்தக் கணவன்மேல் அவளுக்கு அன்பு வருகிறது என்று சொல்லும்போது நம் மனம் ஒப்ப மறுப்பதற்கும் இந்த இரவுதான் காரணம்.

ட்ரோகோவின் இனமான டோத்ராக்கி மக்களைக் காட்டிய விதமும் குறைதான். டேவிட் ஜே. பீட்டர்சன் என்ற மொழியியலாளரைக் கொண்டு அவர்களுக்கு இலக்கணத்தோடு ஒரு மொழியே உருவாக்கினார்கள். அத்தனை உழைப்புக்குப் பிறகு, கல்யாணத்தில் அவர்கள் வெட்டிச் சாவதையும் வெளியில் புணர்வதையும் மட்டுமே காட்டினால் என்ன பயன்? அந்தக் கூட்டத்தில் ஒரு கிழவி சிரிப்பதாகவாவது காட்டியிருக்கலாம்.

முட்டம்: அந்தக் கல்யாணத்தில் தெரியும் கடல் வளைவுப் பாறை நிஜமா?

நிஜம். மால்டாவின் கோசோ தீவில் இருந்த பாறை வளைவு அது. 2017 மார்ச்சில் புயலில் இடிந்து கடலில் விழுந்துவிட்டது.

கொல்லங்கோடு: தொடக்கத்தில் வரும் வரைபடமும் இசையும் பற்றி ஒரு வார்த்தை?

இசை ராமின் ஜவாதி. சக்கரங்கள் சுழன்று கோட்டைகள் எழும் அந்த வரைபடத்துக்கு 2011இல் எம்மி விருது கிடைத்தது. தகுதியான விருது. எந்த ஊர் எங்கே இருக்கிறது என்று கதை சொல்ல மறந்ததை அது சொல்லிக் கொடுக்கிறது. யாரும் அதைத் தாண்டி ஓட்டிவிடாதீர்கள்.

கோட்டாறு: குழந்தையைக் கோபுரத்திலிருந்து தள்ளிவிடுவதோடு முடிக்கிறார்களே, அதிர்ச்சிக்காகச் செய்தார்களா?

அதிர்ச்சி உண்டு, ஆனால் அதற்கு அடித்தளம் போட்டிருக்கிறார்கள். பகுதியின் நடுவில் கேட்லின், இனி சுவரேறக் கூடாது என்று பிரானிடம் வாக்குக் கேட்கிறாள். அவன் குனிந்து காலைப் பார்த்துவிட்டு, சரி என்கிறான். பொய் சொல்லும் முன் நீ எப்போதும் காலைத்தான் பார்ப்பாய் என்கிறாள் தாய். சிரித்துக்கொண்டே கடந்துபோகும் அந்தப் பேச்சுதான் இறுதியில் கோபுரத்துக்கு ஏணி போடுகிறது. ஜேமி தள்ளுவதற்கு முன் பையனின் வயதைக் கேட்கிறான். பத்து என்று பதில் வருகிறது. வயதைக் கேட்டு அறிந்த பிறகு தள்ளுகிறானே, அதுதான் அவனை மறக்க முடியாதவன் ஆக்குகிறது.

அடுத்த பகுதியைப் பார்க்கும்போது நெட்டைக் கவனியுங்கள். தீர்ப்புச் சொல்பவனே வெட்ட வேண்டும் என்று மகனுக்குச் சொன்னாரே, அந்தக் கொள்கையைக் காக்க அவர் என்ன விலை கொடுக்கிறார் என்பது இரண்டாம் பகுதியின் முடிவில் வருகிறது. அதையும் பார்த்துவிட்டு எழுதுங்கள், அங்கிருந்து தொடர்வோம்.