முன்தீர்ப்புகளை, அதாவது பின்வரும் வழக்குகளில் பின்பற்றப்படும் முந்தைய தீர்ப்புகளை, சட்டத்தின் மூலாதாரமாகக் கொள்வதில் நிறை என்ன, குறை என்ன?

கேள்வியைப் பார்த்தால் சட்டக் கல்லூரித் தேர்வுக்குப் படிக்கிறீர்கள் போலிருக்கிறது. நிச்சயத்தன்மை, சமநீதி, கால மிச்சம் என்று நிறைகளைப் பாடநூலே சொல்லிவிடும். நான் வக்கீல் அல்ல. ஒரு முன்தீர்ப்பால் தோற்று, இன்னொன்றால் ஜெயித்தவரின் மகள்.

அம்மாவுக்கு 1984இல் திருமணம். பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குப் பிறப்புரிமை தந்த இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கான தமிழ்நாட்டின் 1989ஆம் ஆண்டுத் திருத்தம், அதற்குமுன் திருமணமானவர்களை விலக்கி வைத்தது. 2005இல் வந்த மத்தியத் திருத்தத்தில் அந்தத் தடை இல்லை. பாட்டி முன்பே காலமாகிவிட்டார்; தாத்தா இறந்தது 2002இல். இரண்டு மாமாக்களோடு சமமாக மூன்றில் ஒரு பங்கு கேட்டு அம்மா வழக்குப் போட்டார்.

வழக்கு நடக்கும்போதே, 2015இல் பிரகாஷ் எதிர் பூலாவதி தீர்ப்பு வந்தது. 2005 செப்டம்பர் 9 அன்று தந்தையும் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். சட்டத்தில் அப்படி ஒரு வரியே கிடையாது. ஆனால் அரசியல் சாசனத்தின் 141ஆம் பிரிவுப்படி அது எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும். தாத்தாவுக்கும் மாமாக்கள் இருவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று பிரித்து, அம்மாவுக்குக் கிடைத்தது தாத்தாவின் பங்கில் மட்டும் மூன்றில் ஒன்று, அதாவது மொத்தச் சொத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. நீதிபதியைக் குறை சொல்ல மாட்டேன்; அவர் கை கட்டப்பட்டிருந்தது.

மேல்முறையீடு செய்தோம். 2018இல் தானம்மா வழக்கில், 2001இலேயே தந்தை இறந்த மகள்களுக்கு உச்ச நீதிமன்றம் சமபங்கு தந்தது. இரண்டு தீர்ப்புமே இரு நீதிபதிகள் அமர்வு. எங்கள் வக்கீல் ஒன்றை நீட்டினார், மாமா தரப்பு மற்றதை நீட்டியது. வாய்தா மேல் வாய்தா. முன்தீர்ப்பு முறையின் பெரிய குறையாக நான் நினைப்பது இதைத்தான். ஒரு அமர்வுக்கு அதே பலமுள்ள இன்னொரு அமர்வின் கருத்து ஏற்பில்லை என்றால், பெரிய அமர்வுக்கு அனுப்புவதுதான் நெறி. அன்றே அனுப்பியிருந்தால் எத்தனையோ பெண்கள் காத்துக் கிடந்திருக்க மாட்டார்கள். இதைச் சொல்வதால் நீதிமன்ற அவமதிப்பு என்று யாரும் கிளம்ப வேண்டாம். தீர்ப்பை விமர்சிக்கக் குடிமகளுக்கு உரிமை உண்டு.

அந்த வாய்தாக்களுக்கெல்லாம் முட்டிவலியோடு வந்த அம்மா உட்கார நீதிமன்ற வராந்தாவில் ஒரு பெஞ்சு கிடையாது. பெண்கள் கழிப்பறை எப்போதும் பூட்டியே இருக்கும். கேள்விக்குத் தொடர்பில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு, பூலாவதி தீர்ப்பு சொன்ன சட்டக் கருத்து தவறு என்று தள்ளியது. உரிமை பிறப்பால் வருவது, தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்றது. முறையின் நிறையை அன்றுதான் கண்டேன். எப்போதோ வாய்மொழியாகப் பாகம் பிரித்தாயிற்று என்று, பதிவு செய்யாத ஒரு கூர்ச்சீட்டை, அதாவது யாருக்கு எந்தப் பாகம் என்று எழுதிய சீட்டை, மாமா தரப்பு கொண்டுவந்தது. பொது ஆவணச் சான்று இல்லாத வாய்மொழிப் பாகப்பிரிவினையை ஏற்கக் கூடாது என்பதையும் அதே தீர்ப்பு சொல்லியிருந்தது. எங்கள் வக்கீல் அந்தப் பத்தியை வாசித்தார், அவ்வளவுதான். மூன்றில் ஒரு பங்குக்கு ஆணை கிடைத்தது.

“சீர்வரிசை செய்தாயிற்றே, இன்னும் என்ன?” என்று கேட்கும் உறவினர்களுக்குப் பதில் சொல்வதை நான் நிறுத்திவிட்டேன்.

எங்கள் ஊரிலேயே இன்னொரு அம்மாள், இதே நிலைமையில், 2016இல் பூலாவதியைக் காட்டித் தோற்கடிக்கப்பட்டவர். செலவுக்குப் பயந்து மேல்முறையீடு செய்யவில்லை. முடிந்துபோன வழக்கு முடிந்ததுதான் என்று, 2020க்குப் பிறகு அவர் பார்த்த வக்கீல்கள் எல்லோரும் கைவிரித்துவிட்டார்கள்.