1500டி பாடிக்கு எல் லென்ஸ் தகுமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். செய்யாறு பக்கத்தில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். சில ஆண்டுகளாகத் தெருக்கூத்தைப் படமெடுத்து வருகிறேன். என்னிடம் இருப்பது கேனான் 1500டி கேமராவும், அதனுடன் வாங்கிய 18-55, 55-250 லென்ஸ்களும். இரவில் எடுக்கும் படங்கள் கலங்கிவிடுகின்றன, அல்லது புள்ளி புள்ளியாகத் தெரிகின்றன. சேமிப்பில் கேனானின் உயர்தர எல் வரிசையைச் சேர்ந்த பழைய 70-200 எஃப் 2.8 லென்ஸ் ஒன்று வாங்க எண்ணியிருந்தேன். ‘இந்தப் பாடியில் அதைப் போடுவது வீண், முதலில் பெரிய சென்சர் உள்ள பழைய ஃபுல் ஃபிரேம் பாடி ஒன்று வாங்கு’ என்கிறார் ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பர். இரண்டுக்கும் வசதியில்லை. தங்கள் கருத்து என்ன?

ச.

அன்புள்ள ச.,

லென்ஸையே வாங்குங்கள். எந்த லென்ஸ் என்பதில் மட்டும் எனக்குச் சிறிய மாற்றுக் கருத்து உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் 55-250 லென்ஸ் 200 மி.மீ. அளவில் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறையத் திறப்பு அகலும்). களரியின், அதாவது கூத்து ஆடுமிடத்தின் வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ எனும் ஒளியுணர்வு அளவை 6400-இல் வைத்தும் ஷட்டர் வேகம் நொடியில் 125-இல் ஒரு பங்குதான் கிடைக்கிறது என்று கொள்வோம். வேடக்காரர் கிறிக்கி அடித்துச் சுழலும்போது அந்த வேகத்தில் முகம் ஒருவேளை நின்றாலும், தோளில் கட்டிய புஜக்கீர்த்தியும் பாவாடை விளிம்பும் கோடுகளாக இழுபட்டுவிடும். லென்ஸில் உள்ள அதிர்வுத் தடுப்பு (ஐஎஸ்) உங்கள் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும், ஆடுபவரை நிறுத்தாது. எஃப் 2.8 லென்ஸ் நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடுவதால், அதே ஐஎஸ்ஓவில் 500-இல் ஒரு பங்கு வேகம் கிடைக்கும். ஆட்டம் மெதுவாகும் இடங்களில் வேகத்தைப் பழையபடி விட்டு ஐஎஸ்ஓவை 1600-க்கு இறக்கிக்கொள்ளலாம், புள்ளிகளும் பெருமளவு அடங்கும்.

நண்பர் சொல்லும் ஃபுல் ஃபிரேம் சென்சரின் பரப்பு உங்களுடையதைப்போல் சுமார் இரண்டரை மடங்கு. ஒளியைப் பொறுத்தவரை அதன் ஆதாயமும் ஏறக்குறைய அவ்வளவே, அதாவது லென்ஸ் தரும் நான்கு மடங்கைவிடக் குறைவு. அதைவிட முக்கியமாக, உங்களிடம் இருக்கும் இரண்டு லென்ஸ்களும் சிறிய சென்சர் பாடிகளுக்கென்றே செய்யப்பட்ட இஎஃப்-எஸ் வகை. கேனானின் ஃபுல் ஃபிரேம் எஸ்எல்ஆர் பாடிகளில் அவை மாட்டவே மாட்டா. பாடியை மட்டும் வாங்கினால் படமெடுக்க லென்ஸே இல்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நண்பர் இதைச் சொல்லாமல் விட்டது வியப்பாக இருக்கிறது.

‘மலிவுப் பாடிக்கு உயர்ந்த லென்ஸ் வீண்’ என்ற பேச்சிலும் சாரமில்லை. 1500டி-யின் 24 மெகாபிக்சல்கள் 22.3 மி.மீ. அகலமே உள்ள சென்சரில் நெருக்கி அடுக்கப்பட்டவை. அதே நெருக்கத்தில் ஃபுல் ஃபிரேம் சென்சர் செய்தால் 60 மெகாபிக்சலைத் தாண்டும். ஆகவே லென்ஸின் குறைகளை உங்கள் பாடி 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமைவிட அதிகமாகவே காட்டிக்கொடுக்கும். பழைய 70-200 தேடினால் 2010-இல் வந்த இரண்டாம் ஐஎஸ் பதிப்பைப் பாருங்கள் என்று சொல்வதும் இதனால்தான். 2001-ஆம் ஆண்டின் முதல் ஐஎஸ் பதிப்பு முழுத் திறப்பில் சற்று மென்மையாக இருக்கும், அது இந்தச் சென்சரில் தெரியும். அகலக்கோண லென்ஸ் வாங்குவதாக இருந்தால் நண்பரின் பக்கம் நின்றிருப்பேன்: 16-35 எல் லென்ஸின் பார்வைக் கோணம் உங்கள் பாடியின் சிறிய சென்சரில், ஃபுல் ஃபிரேமில் ஏறத்தாழ 26-56 லென்ஸ் தரும் அளவுக்குச் சுருங்கி, எதற்காக விலை கொடுத்தோமோ அதையே இழந்துவிடும்.

பாடியின் உண்மையான குறை ஃபோகஸில் இருக்கிறது. ஒன்பது ஃபோகஸ் புள்ளிகளில் நடுப்புள்ளி ஒன்றே குறுக்கு வகை, அதாவது படுத்த கோடுகளையும் நிமிர்ந்த கோடுகளையும் ஒருசேரப் பிடிப்பது. இருட்டில் அதை மட்டும் நம்புங்கள். இந்தப் பாடியில் லென்ஸுக்கேற்ப ஃபோகஸ் விலகலை நாமே சரிசெய்துகொள்ளும் நுண்திருத்த வசதியும் கிடையாது. லென்ஸ் வந்ததும் முக்காலியில் வைத்து, அசையாத ஒரு பொருளை 200 மி.மீ. எஃப் 2.8-இல் வியூஃபைண்டர் வழியாகவும் பின்திரையில் பார்த்து எடுக்கும் லைவ் வியூ வழியாகவும் பலமுறை எடுத்து ஒப்பிடுங்கள். வியூஃபைண்டர் படங்கள் மட்டும் தொடர்ந்து முன்னேயோ பின்னேயோ விலகியிருந்தால், பாடி, லென்ஸ் இரண்டையும் சேர்த்து சர்வீஸ் சென்டரில் கொடுத்துச் சரிசெய்ய வேண்டும். லென்ஸ் ஒன்றரைக் கிலோ, பாடி அரைக் கிலோவுக்கும் குறைவு என்பதால், தூக்குவதும் முக்காலியில் பொருத்துவதும் லென்ஸின் முக்காலி வளையத்தைப் பிடித்தே இருக்கட்டும். வாங்குமுன் கைபேசி விளக்கைப் பின்பக்கமிருந்து அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி நூல் போன்ற இழைகள் தெரிந்தால் அது ஃபங்கஸ், என்ன விலை குறைத்தாலும் வேண்டாம்.

இனி என் மாற்றுக் கருத்து. கூத்தில் களரிக்கு அருகிலேயே உட்கார இடம் கிடைக்கிறது. உங்களுக்குப் பிடித்த படங்களைக் கணினியில் திறந்து, ஒவ்வொன்றும் எந்த மி.மீ. அளவில் எடுக்கப்பட்டது என்று பாருங்கள். பெரும்பாலானவை 70-க்கும் 100-க்கும் இடையில் விழுந்தால், 70-200 உங்களுக்குத் தேவையில்லை. 425 கிராமே எடையுள்ள இஎஃப் 85 மி.மீ. எஃப் 1.8 போதும். எல் வரிசையின் அடையாளமான சிவப்பு வளையம் அதற்குக் கிடையாது, ஆனால் எஃப் 2.8-ஐவிட இரண்டு மடங்குக்கும் மேலான ஒளி தரும். விலையும் வெகுவாகக் குறைவு. முழுத் திறப்பில் ஃபோகஸ் ஆழம் மிகக் குறைவு என்பதால், பெரிய கிரீடம் வைத்த வேடங்களுக்கு எஃப் 2.2 அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.