ஃபோன் கடலில், கணக்கு கரையில்

(ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் ஒருவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி)

கேள்வி: என் கணவர் ஆழ்கடல் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். படகு கிளம்பிவிட்டால் வாரக்கணக்கில் ஆளும் கிடைக்காது, ஃபோனும் கிடைக்காது. கணக்கு அவர் பெயரில் இருக்கிறது. நாகர்கோவிலில் படிக்கும் மகளுக்கு ஆன்லைனில் ஃபீஸ் கட்டப் போனால் ஓடிபி அவர் நம்பருக்குப் போகிறது. வங்கியில் கேட்டால், 'அவரையே வரச் சொல்லுங்கள்' என்கிறார்கள். கடலுக்குள் போய்க் கூட்டி வரவா? இந்தப் பாதுகாப்பெல்லாம் திருடனைத் தடுக்கவா, எங்களைத் தடுக்கவா?
– ஒரு வாசகி, தூத்தூர்

பதில்: கோபம் நியாயமானதுதான் சகோதரி. ஃபோனும் டவரும் எப்போதும் கூடவே இருக்கிற ஆளை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு இது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பக்கம் இருந்து, நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கிற தங்கல் தொழிலுக்குப் போகிறவர்களை யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆனால் கவுண்டரில் இருந்தவரையும் திட்ட முடியாது. கணக்கு உங்கள் கணவர் ஒருவர் பெயரில் இருக்கும்போது, மனைவி என்ற ஒரே காரணத்துக்காக உங்களிடம் பணத்தைக் கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை.

கடற்கரைக் கிளைகளில் வேலை பார்த்தவன் என்பதால் அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். 'பேங்க் சிம்மை வீட்டிலேயே வச்சிட்டுப் போங்க, பின் நம்பரைச் சொல்லிட்டுப் போங்க' என்பீர்கள். பாதி வீடுகளில் இதுதான் நடக்கிறது. எல்லாம் ஒழுங்காகப் போகிறவரை யாரும் கேட்க மாட்டார்கள். சிக்கல் வந்தால்தான் தெரியும். 2013-ல் பெங்களூருவில், பிரசவ விடுப்பில் இருந்த ஒரு பெண் தன் ஏடிஎம் கார்டையும் பின் நம்பரையும் கணவரிடம் கொடுத்து 25,000 ரூபாய் எடுத்து வரச் சொன்னார். மெஷினில் சீட்டு வந்தது, பணம் வரவில்லை. வங்கி கையை விரித்துவிட்டது. நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். பின் நம்பரைக் கணவரிடம் சொன்னதே விதிமீறல் என்று 2018-ல் அங்கேயும் தோற்றார். என்னைக் கேட்டால் கொஞ்சம் கொடுமையான தீர்ப்புதான். ஆனாலும் தீர்ப்பு தீர்ப்புதான்.

ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கையும் இதே திசையில்தான் போகிறது. தப்பு வங்கி மேலும் இல்லாமல், நம் மேலும் இல்லாமல் வெளியார் யாரோ பணத்தை அடித்திருந்தால், வங்கியின் தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் போதும், நமக்கு நஷ்டம் கிடையாது. பின் நம்பரை நாமே பகிர்ந்திருந்தால் கதை வேறு. புகார் செய்யும்வரை போன பணமெல்லாம் நம் தலையில்தான்.

சரி, வழி என்ன? மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். அதற்கு முன்னால் அவர் கரைக்கு வந்தாலும் நல்லது. இரண்டு பேரும் சேர்ந்து கிளைக்குப் போய்க் கணக்கில் உங்கள் பெயரையும் சேருங்கள். 'ஈதர் ஆர் சர்வைவர்' என்று கேட்டு வாங்குங்கள். இருவரில் யார் வேண்டுமானாலும் தனியாகப் பணம் எடுக்கலாம். பல வங்கிகளில் உங்களுக்கென்று தனிக் கார்டும் தனி நெட் பேங்கிங்கும் உங்கள் நம்பரிலேயே கிடைக்கும். ஓடிபி உங்களுக்கே வரும்.

கணக்கில் பெயர் சேர்க்க அவருக்கு மனமில்லை என்றால் (அப்படியும் வீடுகள் உண்டு, நான் பார்த்திருக்கிறேன்), 2024-ல் வந்த யுபிஐ சர்க்கிள் இருக்கிறது. அவர் கணக்கிலிருந்து நீங்கள் உங்கள் ஃபோனில் பணம் அனுப்பலாம். அதில் 'முழு அனுமதி' எடுத்தால் மாதம் 15,000 ரூபாய் வரை, ஒரு தடவைக்கு 5,000 வரை அவரைக் கேட்காமலே போகும். 'பகுதி அனுமதி' எடுத்துவிடாதீர்கள். ஒவ்வொரு தடவையும் அவர் தன் பின் நம்பரைப் போட வேண்டும், மறுபடியும் கடலுக்குள் போய்த்தான் கூப்பிட வேண்டும். வீட்டுச் செலவுக்கு இது போதும், கல்லூரி ஃபீஸுக்குப் போதாது.

ஃபீஸுக்குப் பழைய வழியே நல்ல வழி. கிளம்பும் முன் உங்கள் பெயருக்கு ஒரு செக், தொகையும் தேதியும் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். தேதியிலிருந்து 3 மாதம் செல்லும். ஓடிபி, டவர், சிம் எதுவும் வேண்டாம். பலர் செக் புத்தகத்தையே மறந்துவிட்டார்கள்.

கேள்வி: 'வங்கியிலிருந்து பேசுகிறோம், பிறந்த தேதி சொன்னால்தான் விஷயத்தைச் சொல்ல முடியும்' என்று ஒரு பெண் பேசினார். சொல்ல மறுத்தேன். கடுகடுத்துவிட்டு வைத்தார். கிளையில் விசாரித்தால் அது உண்மையான அழைப்பாம்! 'யாரிடமும் எதுவும் சொல்லாதே' என்று தினமும் மெசேஜ் அனுப்புகிறவர்களே இப்படிக் கேட்டால் நான் எதை நம்புவது?
– ரப்பர் வியாபாரி, மார்த்தாண்டம்

பதில்: நீங்கள் செய்ததுதான் சரி. நாம் யார் என்று வங்கி நூறு தடவை கேட்கிறது. நீ யார் என்று நாம் ஒரு தடவை கேட்டால் முகம் சுளிக்கிறது. கூப்பிட்டவர்தான் முதலில் தன்னை நிரூபிக்க வேண்டும், நாம் இல்லை.

வங்கிகளின் சேவை அழைப்புகள் 1600 என்று தொடங்கும் எண்களிலிருந்து வர வேண்டும் என்று இப்போது விதி இருக்கிறது. அப்படி வந்தாலும் எதையும் சொல்லாமல் வைத்துவிட்டு, கார்டின் பின்பக்கம் உள்ள நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்கள். கூகுளில் தேடி எடுக்கிற 'கஸ்டமர் கேர்' நம்பர் வேண்டவே வேண்டாம். அதில் பாதி திருடன் போட்டு வைத்தது. அந்த அம்மா பேசிய விதத்தைப் பற்றிக் கிளையில் எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குச் சீல் வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மனுக்கு (குறைதீர்ப்பாளருக்கு) போகலாம். விவரம் கேட்க 14448. பணமே போய்விட்டது என்றால் இதற்கெல்லாம் காத்திருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930.

கேள்வி: போகும்போதெல்லாம் ஆதார் ஜெராக்ஸ் கேட்கிறார்கள். எங்கெங்கே போகிறதோ என்று பயமாக இருக்கிறது.
– பூ வியாபாரி, தோவாளை

பதில்: வங்கிக் கணக்குக்கு ஆதார் இணைப்பு கட்டாயமில்லை என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாக்காளர் அட்டையோ ஓட்டுநர் உரிமமோ கொடுக்கலாம். அரசு மானியம் அந்தக் கணக்குக்கு வருகிறது என்றால் மட்டும் ஆதார் தேவைப்படும். ஜெராக்ஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், கடைசி 4 எண் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் இணையதளத்திலிருந்து எடுத்துக்கொடுங்கள். எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதையும் தேதியையும் தாளின் குறுக்கே எழுதிவிடுங்கள். அப்புறம், கடையில் சரியாக விழாத காப்பியைக் குப்பைத் தொட்டியில் போட விடாதீர்கள், கையோடு வாங்கி வந்துவிடுங்கள்.