ராத்திரி பன்னிரண்டு மணிக்கு என் மகள் யாரிடம் கேள்வி கேட்கிறாள்?

சார், போன வாரம் வியாசர்பாடியில் நாங்கள் நடத்தும் ஆலோசனை நேரத்துக்கு மகளோடு வந்திருந்தீர்கள். அவள் தண்ணீர் குடிக்கப் போன ஒரு நிமிட இடைவெளியில் குரலைத் தாழ்த்தி இரண்டு விஷயம் கேட்டீர்கள். "ராத்திரி பன்னிரண்டு மணிக்கு முகம் தெரியாத ஆட்களிடம் இவள் என்னதான் எழுதிக்கொண்டிருக்கிறாள்? எப்போது பார்த்தாலும் லினக்ஸ் லினக்ஸ் என்கிறாளே, அது சோறு போடுமா?" அன்றைக்குக் கூட்டம் அதிகம், உட்கார்ந்து பேச முடியவில்லை. இதே கவலையோடு இன்னும் சில பெற்றோர் வருவதால், உங்களிடம் சொல்லிவிட்டே இங்கே எழுதுகிறேன்.

லினக்ஸ் என்பது விண்டோஸ் மாதிரிக் கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள். முதலில் அவள் கையில் இருக்கும் கணினியைப் பற்றி. அது அவளுடைய பெரியப்பா மகனுக்கு அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. 2011இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில், விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் சேர்த்துப் போட்டுக் கொடுத்தார்கள். டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து மத்திய அரசின் சிடாக் நிறுவனம் உருவாக்கியது அது. நான் பார்த்த பிள்ளைகளில் பலர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. உங்கள் மகள் பார்த்தாள். பிறகு அதை எடுத்துவிட்டு லினக்ஸ் மின்ட் என்ற இன்னொரு லினக்ஸ் வகையை அவளே நிறுவியிருக்கிறாள். பி.சி.ஏ. இரண்டாம் ஆண்டுப் பெண், புதுக் கணினி கேட்டு உங்களை நச்சரிக்காமல், பரணில் கிடந்ததை எடுத்து ஓட வைத்திருக்கிறாள். இதை நீங்கள் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. நான் கவனித்தேன்.

அவள் பையில் ஒரு நீளமான நோட்டு இருந்தது. கேட்டு வாங்கிப் படித்தேன். ஜூலை மாதத்துப் பக்கம் ஒன்றை மட்டும் உங்களுக்குச் சொல்கிறேன்.

ஒரு நாள் காலை கணினியைத் திறந்து கடவுச்சொல் கொடுத்தால் திரை ஒரு நொடி கறுத்து, மறுபடி கடவுச்சொல்லையே கேட்டிருக்கிறது. எத்தனை முறை கொடுத்தாலும் அதேதான். தெருமுனைக் கடையில், ஃபார்மட் போட்டுவிடலாம், உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும் என்று சொல்லியிருக்கிறார்கள். கல்லூரி ப்ராஜெக்ட் அதற்குள்தான் இருந்தது. லினக்ஸ் பயன்படுத்துகிறவர்கள் ஒருவருக்கொருவர் பதில் சொல்லும் இணைய உதவிக் குழுவில் அவள் போட்ட முதல் கேள்வி, "லேப்டாப் திறக்கவில்லை, அவசரம், யாராவது உதவுங்கள்." யாரும் பதில் சொல்லவில்லை. மறுநாள் திரும்ப எழுதினாள். எந்தக் கணினி, மின்ட்டின் எந்தப் பதிப்பு, முந்தின நாள் என்ன புதுப்பித்தாள், கடவுச்சொல் கொடுத்ததும் சரியாக என்ன நடக்கிறது, இதுவரை எதையெல்லாம் முயன்று பார்த்தாள், எல்லாம் எட்டு வரியில். ஒரு மணி நேரத்துக்குள் ஒருவர் பதில் போட்டார். தீர்வு சொல்லவில்லை, கேள்விதான் கேட்டார். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வெறும் எழுத்துத் திரை வருகிறதா? அதில் நுழைந்து, டிஸ்க்கில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிஎஃப் கட்டளை கொடுத்தால் என்ன காட்டுகிறது?

காட்டியது 100 சதவீதம். நிறுவும்போது லினக்ஸ் அமைப்புக்கென்று 20 ஜிபி இடம் மட்டும் ஒதுக்கியிருந்தாள். பழைய கெர்னல்கள் (லினக்ஸின் மையப் பகுதியின் முந்தைய பதிப்புகள்), இறக்கிய மென்பொருள் பொதிகள், நடப்பதைக் கணினி குறித்து வைக்கும் பதிவுக் கோப்புகள் எல்லாம் சேர்ந்து அந்த இடம் நிரம்பிவிட்டது. உள்ளே நுழையும்போது கணினி சில சின்னக் கோப்புகளை எழுதியாக வேண்டும்; எழுத இடமில்லை, அதனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. எதை நீக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று கேட்டாள். இனித் தேவைப்படாத பொதிகளை நீக்கும் ஆப்ட் ஆட்டோரிமூவ் கட்டளையைக் கொடுத்தாள். ஆமாம் என்று அழுத்துவதற்கு முன்னால் அது நீக்கப்போகும் பட்டியலை ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பதிவுக் கோப்புகளைச் சுருக்கினாள். கணினி திறந்தது, ஒரு கோப்புகூடப் போகவில்லை. அதோடு விடாமல், எது காரணம், எது தீர்த்தது என்று அதே இடத்தில் திரும்ப எழுதி வைத்தாள், அடுத்து வருகிறவருக்காக. எனக்கு அந்தக் கடைசி வரிதான் ரொம்பப் பிடித்தது.

நீங்கள் ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் கேரேஜ் ஒர்க்ஸில் ஃபிட்டர். பிஓஎச்சுக்கு, அதாவது குறித்த காலத்துக்கு ஒருமுறை செய்யும் முழுப் பராமரிப்புக்கு, வரும் பெட்டியில் பிரேக்கில் காற்று நிற்கவில்லை என்றால், எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாகவா மாட்டுகிறீர்கள்? கசிவு எங்கே என்று ஒவ்வொரு பகுதியாகப் பார்த்துக்கொண்டு வருவீர்கள். ஒரே நேரத்தில் நான்கு இடத்தில் கை வைத்தால் எது சரிசெய்தது என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும். உங்கள் மகள் வீட்டில் செய்வதும் அதே வேலைதான். யாரிடமிருந்து வந்தது என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

சரி, முகம் தெரியாத ஆட்கள். இந்தப் பயம் நியாயமானது. அதை ஒதுக்கச் சொல்ல மாட்டேன், விதிகளாக மாற்றிக்கொள்ளச் சொல்வேன். கேள்வி எப்போதும் எல்லாரும் பார்க்கிற பொது இடத்தில் இருக்க வேண்டும்; தனிச்செய்தியில் வா என்று ஒருவர் கூப்பிட்டால் போகக்கூடாது. பொது இடத்தில் தப்பான யோசனை சொன்னால் இன்னொருவர் திருத்துவார், தனியறையில் திருத்த ஆள் இல்லை. ரிமோட்டில் கணினியைத் திறந்து விடு, ஓடிபி சொல் என்று யார் கேட்டாலும் பேச்சை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். கணினியின் பதிவுக் கோப்புகளிலிருந்து எடுத்து ஒட்டும்போது தன் பெயர், வீட்டு வைஃபை பெயர் ஆகியவற்றை அழித்துவிட்டு ஒட்ட வேண்டும். சூடோ என்று தொடங்கும், கணினியில் எதையும் மாற்றும் அதிகாரம் உள்ள கட்டளையை, அதில் ஒவ்வொரு சொல்லும் என்ன செய்யும் என்று தன் வாயால் சொல்ல முடிகிறவரை ஓட்டக்கூடாது. பாப்பாவிடம் கேட்டேன். கடைசி விதி தவிர மற்றதெல்லாம் அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. கடைசியை அன்றைக்கே நோட்டில் எழுதிக்கொண்டாள்.

பன்னிரண்டு மணி மட்டும் எனக்கும் உடன்பாடில்லை. பத்தரைக்குக் கேள்வியைப் போட்டுவிட்டுத் தூங்கட்டும். உதவி செய்கிறவர்கள் உலகத்தின் பல மூலைகளில் இருக்கிறார்கள், காலையில் எழுந்தால் பதில் இருக்கும். ஆங்கிலம் சரியாக வராது என்ற கூச்சத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு மணி நேரம் செலவழிக்கிறாள், அதனால்தான் நேரமாகிறது. தமிழ்வழியில் படித்த பிள்ளைகளுக்கு இது வரும். ஐந்தாறு சொல்லில் சின்னச் சின்ன வாக்கியங்கள் போதும். பிழைச்செய்தியைத் தன் சொல்லில் விளக்காமல் அப்படியே ஒட்டினால் பாதி வேலை முடிந்தது. தமிழில் படிக்க 2012 முதல் கணியம் என்ற இணைய இதழ் இருக்கிறது. நேரில் பழக, சென்னை லினக்ஸ் பயனர் குழு மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை கூடுவது நெடுநாள் வழக்கம். அந்த மாதம் எங்கே என்று பார்த்துக்கொண்டு, முதல் முறை நீங்களும் கூடப் போங்கள். முகம் தெரிந்துவிட்டால் உங்களுக்கும் நிம்மதி.

இனி சோறு. உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். அலுவலக மேசைகளில் பெரும்பாலும் விண்டோஸ்தான், லினக்ஸ் டெஸ்க்டாப்பைப் பார்த்துக்கொள்ள மட்டும் ஆள் எடுக்கும் இடங்கள் குறைவு. ஆனால் சர்வர்கள், அதாவது இணையச் சேவைகளை ஓட்டும் கணினிகள், இருக்கும் இடத்தில் கதை வேறு. உலகின் மிக வேகமான 500 சூப்பர் கணினிகள் என்று போடும் பட்டியலில் 2017 நவம்பரிலிருந்து அத்தனையும் லினக்ஸ். நமக்குப் பக்கத்தில் அம்பத்தூரில் சர்வர்களை வைத்திருக்கும் டேட்டா சென்டர்கள் இருக்கின்றன, அந்தப் பக்கம் சிறுசேரியிலும் இருக்கின்றன. இடம் நிரம்பியதா என்று டிஎஃப் கொடுத்துப் பார்ப்பது, நேற்று என்ன நடந்தது என்று ஜர்னல்சிடிஎல் கட்டளை கொடுத்துப் பதிவுகளில் தேடுவது, யாருக்கு எந்தக் கோப்பில் உரிமை என்று சரிபார்ப்பது, எல்லாம் வீட்டுக் கணினியில் எப்படியோ அங்கேயும் அப்படியே. நுழையும் வேலை பெரும்பாலும் உதவி மேசையில், முதல் நிலை சப்போர்ட்டில் இருக்கும். சம்பளம் தொடக்கத்தில் குறைவு. இரவு ஷிஃப்ட் வரும், அதைப் பற்றி வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள். இரண்டு, மூன்று வருடம் பொறுத்தால் சிஸ்டம் அட்மின், கிளவுட் என்று வழி பிரியும்.

டிகிரியை விட்டுவிடலாமா என்று அவள் ஒரு வார்த்தை கேட்டாள். கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அரியர் இல்லாமல் முடிக்கட்டும். முதல் வடிகட்டலில் டிகிரியைப் பார்க்கும் நிறுவனங்கள் நிறைய.

நூறு சதவீத வேலை உத்தரவாதம் என்று ஒரு பயிற்சி நிலையம் கேட்ட பணத்தைக் கட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். கல்லூரியில் நான் முதல்வன் திட்டத்தின் படிப்புகள் எவை ஓடுகின்றன என்று முதலில் விசாரிக்கட்டும். சான்றிதழ் என்றால் லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட் நடத்தும் ஆர்எச்சிஎஸ்ஏ தேர்வு நல்லது. அதில் ஏ, பி, சி, டி என்று விடையைத் தேர்ந்தெடுக்கும் பேச்சே இல்லை, கணினி முன்னால் உட்கார்ந்து வேலையைச் செய்து காட்ட வேண்டும். இவள் மாதிரிப் பிள்ளைக்கு அது பொருந்தும். ஆனால் 3 ஆண்டுதான் செல்லும். இப்போதே எழுதினால் வேலை தேடும் நேரத்தில் பாதிக் காலம் ஓடிப்போயிருக்கும். இறுதியாண்டின் இரண்டாம் பாதியில் எழுதட்டும்.

அதுவரை அந்த நோட்டைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தச் சொல்லியிருக்கிறேன். ஒரு பழுதுக்கு ஒரு பக்கம்: என்ன நடந்தது, என்ன நினைத்தாள், எது தப்பாகப் போனது, எது சரியானது. இப்போது பதினான்கு பக்கம் இருக்கிறது. அதில் நான்கைத் தேர்ந்தெடுத்து நல்ல ஆங்கிலத்தில் எழுதி வைத்தால், நேர்காணலில் "உன்னைப் பற்றிச் சொல்" என்று கேட்கும்போது மனப்பாடம் ஒப்பிக்க வேண்டியிருக்காது. தனக்குத் தெரிந்த கேள்விகளுக்கு வாரம் இரண்டு பதிலாவது அவளும் எழுத வேண்டும். வாங்கிக்கொண்டே இருந்தால் போதாது. மேலும், முகம் தெரியாத ஒருவரின் பழுதை எழுத்து வழியாகவே தீர்த்து வைப்பதுதான் சப்போர்ட் வேலை.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி. அந்தக் கணினியில் பழைய ஹார்ட் டிஸ்க் இருக்கிறது, அது எப்போது வேண்டுமானாலும் போகலாம். டைம்ஷிஃப்ட் என்ற வசதியை ஓட விட்டிருப்பதாகச் சொன்னாள். அது அமைப்பைத்தான் காப்பாற்றும்; தானாக விட்டால் அவளுடைய சொந்தக் கோப்புகளைச் சேர்க்காது. ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கும், பழைய டிஸ்க்குக்குப் பதிலாக உள்ளே மாட்ட எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க்கும் வாங்கிக் கொடுங்கள். கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு அவளையே கூட்டிக்கொண்டு போய், கடைக்காரரிடம் அவளையே பேசவிடுங்கள். டிஸ்க்கை மாற்ற ஸ்க்ரூ கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள் சார். அந்த வேலை உங்களுக்கு நன்றாகத் தெரியும்.