புல்லில் பதிந்த சப்பாத்துத் தடம்: களைநாசினி தவறிப் பட்டால் (கேள்வி பதில்)

வளைகுடாவில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் 11 வருடம் புல் பராமரிப்பில் இருந்துவிட்டு வந்து, இப்போது கிளிநொச்சிப் பக்கம் வயலும் கொஞ்சம் மிளகாயும் செய்கிறேன். களைநாசினி தவறிப் பட்டதைப் பற்றிக் கேட்கலாம் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். என்ன மருந்து, எப்போது, எவ்வளவு, இந்த மூன்றும் இல்லாமல் "இதுக்கு என்ன அடிக்கலாம்?" என்று கேட்டால் எனக்கும் தெரியாது, மருந்துக்கடைக்காரருக்கும் தெரியாது. ஆனால் அவர் ஏதாவது தந்துவிடுவார்.

அக்கராயன் பக்கத்திலிருந்து விளையாட்டுப் பொறுப்பாசிரியர் ஒருவர்: இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஓடுபாதைக் கோடு அழியாமல் இருக்கட்டும் என்று கிளைபோசேற் களைநாசினி அடித்தோம். பத்து நாளில் கோடு நன்றாகத் தெரிந்தது. கூடவே மைதானத்தின் நடுவிலும் சப்பாத்துத் தடங்கள் மஞ்சளாக வந்துவிட்டன. என்ன செய்யலாம்?

சேர், நீங்கள் எழுதியதை வாசித்ததும் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். இதே கூத்து எங்களுக்கும் நடந்தது.

கோல்ஃபில் குழியைச் சுற்றி இருக்கும் வழுவழுப்பான புல்தரையைக் கிரீன் என்பார்கள். நாங்கள் பார்த்த கிரீனில் இருந்தது கலப்பின அறுகு. ஆம், பிள்ளையாருக்கு வைக்கிற அறுகின் உறவுதான். அதை 3 மில்லிமீற்றர் உயரத்துக்கு வெட்டி வைத்திருப்போம். ஒரு நாள் காலை ஒருவர் பாதையோரக் களைக்குக் கிளைபோசேற் அடித்துவிட்டு, குழியில் சாய்ந்திருந்த கொடிக்கம்பை நிமிர்த்த ஈரச் சப்பாத்தோடு கிரீனுக்குள் நடந்து போய் வந்தார். மூன்று நாள் ஒன்றுமே தெரியவில்லை. ஆறாம் நாள் மஞ்சள். ஒன்பதாம் நாள் வைக்கோல் நிறத்தில் 14 காலடிகள், கொடி வரை போய்த் திரும்பி வந்த மாதிரியே. வலது காலடி இடதைவிடக் கடுமை. அவருடைய நொசில், அதாவது மருந்து தெளிக்கிற முனை, வலப்பக்கம் சொட்டியிருக்கிறது. யார் செய்தது என்று விசாரிக்க வேண்டியே வரவில்லை.

கிளைபோசேற் இலையால் உள்ளே போய் வேர், கிழங்கு வரை இறங்கும். செடி தனக்குத் தேவையான சில அமினோ அமிலங்களைச் செய்யவிடாமல் தடுக்கும். அதனால்தான் இவ்வளவு ஆறுதலாகச் சாகிறது. உள்ளே போனதை வெளியே எடுக்க வழியில்லை. மண்ணில் விழுந்த பங்கு மண் துணிக்கைகளோடு இறுக ஒட்டிக்கொள்ளும், வேரால் ஏறுவது மிகக் குறைவு. ஆகவே அதே இடத்தில் திரும்பப் புல் நடலாம்.

நாங்கள் செய்தது இதுதான். இரண்டு கிழமை கையே வைக்கவில்லை, சேதம் எங்கே நிற்கிறது என்று தெரியவேண்டுமே. பிறகு குழி வெட்டுகிற கருவியை எடுத்தோம். கோல்ஃப் குழியின் விட்டம் 108 மில்லிமீற்றர். அந்தக் கருவியால் செத்த புல்லை மண்ணோடு உருளையாகத் தோண்டி எடுத்து, இதற்கென்றே வளர்த்து வைத்திருந்த மாற்றுக் கிரீனிலிருந்து அதே அளவு உருளையை அதில் இறக்கினோம். ஒரு காலடிக்கு மூன்று, மொத்தம் 42. மேலே கொஞ்சம் மணல், தண்ணீர், காலால் ஒரு மிதி.

உங்களுக்கு இவ்வளவு வேண்டாம். இரண்டு கிழமை கழித்துச் செத்த புல்லைக் கிளறி எடுங்கள். வேலியோரத்தில் ஓடுகிற அறுகை இரண்டு மூன்று கணு வருகிற மாதிரி வெட்டி, ஒரு கணுவாவது மண்ணுக்குள் இருக்கப் பதித்து, காலை மாலை நனையுங்கள். தண்ணீர் தவறாவிட்டால் இரண்டு மாதத்தில் மூடிவிடும். சில தடங்களில் கீழ்க்கிழங்கிலிருந்து தானாகவே தளிரும், அவற்றை விட்டுவிடலாம்.

ஒரு விஷயம் மட்டும் பாருங்கள்: போத்தலில் லேபல் இருந்ததா? இலங்கையில் 2015இல் கிளைபோசேற்றுக்குத் தடை வந்து, 2018இல் தேயிலை, இறப்பருக்கு மட்டும் தளர்ந்து, 2022இல்தான் நீங்கியது. அந்த இடைக்காலத்தில் களவாக வாங்கிப் பழகிய லேபல் இல்லாத போத்தல் பழக்கம் இன்னும் போகவில்லை. உள்ளே டையூரோன் மாதிரி மண்ணில் மாதக்கணக்கில் நிற்கிற சரக்கு இருந்தால் நான் சொன்ன கணக்குப் பிழைத்துவிடும். சந்தேகம் என்றால் இரண்டு சிரட்டை எடுங்கள். ஒன்றில் அடிபட்ட இடத்து மண், மற்றதில் நல்ல மண். இரண்டிலும் பத்துப் பயறு போட்டு, இரண்டு மூன்று கிழமை பாருங்கள். முளைப்பதை வைத்து முடிவு கட்ட வேண்டாம், இலை விட்டபிறகு கருகுகிறதா என்பதுதான் சோதனை.

விசுவமடு: பக்கத்து வயல்காரர் நெல்லுக்கு எம்.சி.பி.ஏ. களைநாசினி அடித்தார். நாலாம் நாள் என் மிளகாயும் தக்காளியும் முறுகிவிட்டன. அவர் "அது வைரஸ்" என்கிறார்.

தம்பி, செடியைப் பார்க்க முன் தோட்டத்தைப் பாருங்கள். வைரஸ் இங்கொன்று அங்கொன்றாக வரும். காற்றில் வந்த மருந்து என்றால் அவருடைய வரம்போரம் கடுமையாகவும், உள்ளே போகப் போகக் குறைந்தும் இருக்கும், எல்லாச் செடியிலும் ஒரே நாளில் தெரிந்திருக்கும். பிறகு குனிந்து களையைப் பாருங்கள். வரம்போரத்து அகன்ற இலைக் களைகளும் தண்டு திருகிக் கிடந்தால் பேச்சுக்கே இடமில்லை. மிளகாய் வைரஸ் உங்கள் வரம்பிலுள்ள களையெல்லாவற்றையும் அன்றைக்கே பிடிக்காது.

எம்.சி.பி.ஏ., 2,4-டி எல்லாம் செடியின் வளர்ச்சி ஹோர்மோனைப் போல நடிக்கிற மருந்துகள். நெல் தாங்கும். தக்காளி, மிளகாய், பயற்றை, பப்பாசி தாங்காது. தக்காளியில் இலைக்காம்பு கீழ்நோக்கி வளையும், புது இலை நூல் மாதிரி ஒடுங்கும். முறுகிய இலை திரும்ப நிமிராது, அதைப் பார்த்துக் கவலைப்படவேண்டாம். நுனியில் அடுத்து வருகிற இலையைப் பாருங்கள். இரண்டு மூன்று கிழமையில் ஓரளவு ஒழுங்கான இலை வந்தால் செடி தப்பிவிட்டது. நுனி கருகி, தண்டு வெடித்திருந்தால் பிடுங்கிவிட்டு அடுத்ததை யோசியுங்கள். அந்த நேரம் செடியில் இருந்த காயைச் சந்தைக்குக் கொண்டுபோகவேண்டாம், வீட்டுக்கும் வேண்டாம்.

சண்டைக்குப் போகமுன் படம் எடுங்கள், திகதியோடு, வரம்பும் தெரிகிற மாதிரி. விவசாயப் போதனாசிரியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கமக்காரர் அமைப்பில் வைத்துப் பேசினால் பெரும்பாலும் அங்கேயே முடியும். சோளகம் வீசுகிற பின்னேரத்தில் மருந்தடிக்கிற பழக்கத்தை நிறுத்தச் சொல்லி அங்கேயே ஒரு முடிவும் எடுக்கலாம்.

வவுனியா: மருந்து பட்ட செடிக்குச் சீனித் தண்ணி, இளநீர், யூறியா என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அடுப்புக் கரி போட்டால் மருந்தை உறிஞ்சுமாமே?

சீனி வேண்டாம், இளநீரை நீங்கள் குடியுங்கள். யூறியா இந்த நேரத்தில் கெடுதல், அடிபட்ட செடியை வளர் வளர் என்று அடிப்பதுதான் அது.

கரி விஷயத்தில் பாதி உண்மை இருக்கிறது. கோல்ஃப் மைதானங்களில் செயலூட்டிய கரியை, அதாவது உறிஞ்சுவதற்கென்றே பதப்படுத்திய கரியை, தண்ணீரில் கரைத்து ஊற்றுவார்கள். ஆனால் அது மண்ணில் நின்று வேர் வழியாகக் கொல்கிற மருந்துக்கு, இன்னும் வேர் குடிக்காத பங்குக்கு மட்டும். இலையால் உள்ளே போனதை அது எட்டாது. அடுப்புக் கரிக்கு அந்த உறிஞ்சும் வலு இல்லை.

பரந்தன்: இப்போதுதான், பத்து நிமிசத்துக்கு முதல், கிளைபோசேற் டாங்கி கவிழ்ந்து வீட்டு முற்றத்துப் புல்லில் கொட்டிவிட்டது!

இதை வாசிக்கிற நேரத்தில் ஹோஸைப் பிடியுங்கள். இலையில் காயமுன் கழுவினால் நிறையத் தப்பும். கிணற்றுப் பக்கம் ஓடவிடாதீர்கள்.

ஒட்டுசுட்டான்: நெல்லுக்கு பிஸ்பைரிபக் களைநாசினி அடித்து நாலு நாள். நெல்லும் மஞ்சளாகிவிட்டது.

அளவு கூடாமல் அடித்திருந்தால் பயப்படவேண்டாம். அந்த மருந்துக்கு நெல் கொஞ்சம் மஞ்சளித்துப் பிறகு தேறும். ஒன்றிரண்டு கிழமை பாருங்கள். அதற்குள் வேறு எதையும் மேலே அடித்துவிடாதீர்கள்.

புதுக்குடியிருப்பு, ஓர் அக்கா: கச்சானுக்குள் புல்லுக்கு அடித்த குயிசலோபொப் மருந்து மிச்சம் இருந்ததாம். மகன் அதை முற்றத்து அறுகுக்குள் இருந்த தொட்டாற்சிணுங்கிக்கு அடித்துவிட்டான். தொட்டாற்சிணுங்கி சிரித்துக்கொண்டு நிற்கிறது.

சிரிக்கத்தான் செய்யும் அக்கா, அந்த மருந்து புல்லினத்தை மட்டும் கொல்லும். அதனால்தான் கச்சானுக்குள் அடிக்கிறோம். போய் ஓர் அறுகின் நடுக்குருத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். இலகுவாகக் கழன்று வந்து, அடி மண்ணிறமாக அழுகியிருந்தால் அந்தக் கணு முடிந்தது. இழுக்க இழுக்க வராமல் நின்றால் உயிர் இருக்கிறது. அறுகு பிடிவாதக்காரி, ஒரு முறை அடித்ததற்கு முழுதாகப் போகாது. மகனைத் திட்டவேண்டாம், மிச்ச மருந்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைத்திருக்கிறானா என்று மட்டும் பாருங்கள். வைத்திருந்தால் அதற்குத் திட்டலாம்.

முழங்காவில்: ஒரே டாங்கியால் எல்லா மருந்தும் அடிக்கிறேன். எத்தனை தரம் கழுவவேண்டும்?

2,4-டி வகை அடித்த டாங்கியை மூன்று தரம் கழுவியும் மிளகாய் முறுகியதைப் பார்த்திருக்கிறேன். ஹோஸிலும் வடியிலும் ஒளிந்திருக்கும். சவர்க்காரத் தூள் கலந்த தண்ணீரை நிரப்பி, கொஞ்சம் நொசிலால் வெளியேற்றி, மிச்சத்தை இரவு முழுக்க விட்டு, காலையில் வடியையும் நொசிலையும் கழற்றித் தனியாகக் கழுவவேண்டும். கழுவிய தண்ணீர் வாய்க்காலுக்கோ குளத்துக்கோ போகக்கூடாது. இவ்வளவும் செய்வதைவிட ஒரு பழைய டாங்கியை வாங்கிச் சிவப்புப் பெயிண்டில் "களை" என்று எழுதிவிடுங்கள். நான் அதைத்தான் செய்தேன்.

அக்கராயன் ஆசிரியர் திரும்பவும்: அடுத்த வருடம் கோட்டுக்கு என்ன செய்வது? சுண்ணாம்பு மழைக்குக் கரைகிறது.

சேர், நீற்றாத சுண்ணாம்பை மட்டும் பிள்ளைகள் ஓடுகிற இடத்தில் போடவேண்டாம், கண்ணையும் தோலையும் எரிக்கும். வெள்ளை எமல்ஷன் பெயிண்டைத் தண்ணீர் விட்டு ஐதாக்கி, கயிறு கட்டி, தூரிகையால் இழுங்கள். புல் சாகாது, ஒரு சாதாரண மழைக்கும் நிற்கும். அந்தத் தூரிகையைக் களைநாசினி வாளிக்குள் கழுவாமல் இருந்தால் சரி.