கழற்றி மாட்டும் பேக்ரெஸ்ட், சைடு பேக் ஸ்டே: மவுண்டை நானே பொருத்தலாமா?

ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக்குக்கு, வேண்டும்போது மாட்டி வேண்டாதபோது கழற்றிவிடும் பேக்ரெஸ்டும் (பின்னால் உட்காருபவர் சாய்ந்துகொள்ள), சைடு பேக் ஸ்டேயும் (பக்கவாட்டுப் பையைத் தாங்கும் கம்பி) வாங்கியிருக்கிறீர்கள். இவற்றைத் தாங்க வண்டியிலேயே நிரந்தரமாக நிற்கும் தகடான மவுண்டை நீங்களே பொருத்தலாமா, கடையில் கொடுக்கலாமா என்பது கேள்வி. நீங்களே பொருத்துங்கள். கடைக்காரருக்குத் தெரியாது என்பதற்காகச் சொல்லவில்லை, இந்த வேலைக்கு வேண்டியது பொறுமை, வெளியே நாலு வண்டி காத்திருக்கும்போது அது யாருக்கும் வராது.

நான் முதலில் கடையில்தான் கொடுத்தேன். பையன் வலது பக்க போல்ட்டையெல்லாம் முழுசாக முறுக்கிவிட்டு இடது பக்கம் வந்தான், ஓட்டை நேராக வரவில்லை, ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பி போல்ட்டை உள்ளே தள்ளிவிட்டான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பேக்ரெஸ்டைப் பூட்ட இரண்டு பேர் வேண்டியிருந்தது, ஒருவர் அமுக்க இன்னொருவர் கையால் ஓங்கித் தட்ட. அப்புறம் அதைக் கழற்றவே பயந்து மூன்று மாதம் அப்படியே ஓட்டினேன். ஒருமுறை வால்பாறை போய் அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, ஆழியாறில் டீ குடிக்க நிறுத்தியபோதுதான் பார்த்தேன், இடது பக்கம் பின்னால் இருந்த போல்ட் ஆளையே காணோம், ஸ்டே கம்பி மட்கார்டு பெயின்ட்டை ஒரு சாண் நீளத்துக்குச் சுரண்டியிருந்தது. நெம்பிப் பொருத்திய மவுண்ட் எப்போதும் பழைய இடத்துக்குத் திரும்பத்தான் பார்க்கும், போல்ட்டின் பிடியெல்லாம் அதை இழுத்துப் பிடிப்பதிலேயே போய்விடும், மிச்சத்தை அதிர்வு பார்த்துக்கொள்ளும்.

அதனால் முக்கியமான விஷயம் ஒன்றுதான்: பேக்ரெஸ்டையும் ஸ்டேயையும் மாட்டிப் பூட்டிய நிலையில்தான் மவுண்ட் போல்ட்டுகளை முறுக்க வேண்டும். முதலில் எல்லா போல்ட்டையும் விரலாலேயே நாலு மரை ஏற்றி விட்டுவிடுங்கள், ஸ்பேனர் பக்கமே போகாதீர்கள். மவுண்ட் கொஞ்சம் ஆடட்டும். இப்போது பேக்ரெஸ்டை வைத்துப் பாருங்கள், கொக்கி கட்டைவிரல் அழுத்தத்திலேயே விழ வேண்டும். விழுந்ததும் வலது ஒன்று, இடது ஒன்று என்று மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். முடித்ததும் ஐந்து தடவை கழற்றி மாட்டிப் பாருங்கள், எங்காவது அடம்பிடித்தால் தளர்த்திவிட்டு மறுபடி முதலிலிருந்து.

எவ்வளவு இறுக்குவது? கிட்டோடு வந்த தாளில் எண் இருந்தால் அதுதான் கணக்கு. இல்லாவிட்டால் சாதாரணமாக 6 எம்எம் போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் (முறுக்கும் விசையின் அளவு, டார்க் ரெஞ்சில் வைத்து முறுக்கலாம்), 8 எம்எம்முக்கு 20 முதல் 25 வரை. ஷாக் அப்சார்பர் போல்ட்டிலேயே மாட்டும் கிட் என்றால் அதற்கு மட்டும் வண்டியின் சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள், குத்துமதிப்பு வேண்டாம். மரையை பெட்ரோல் துணியால் துடைத்து, காய்ந்ததும் நீல நிற த்ரெட் லாக் (போல்ட் அதிர்வில் கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு போதும். சிவப்பு வேண்டாம், பின்னால் கழற்ற வேண்டுமென்றால் சூடு காட்ட வேண்டியிருக்கும். பெட்ரோலோ த்ரெட் லாக்கோ பிளாஸ்டிக்கில் படக் கூடாது, சில பிளாஸ்டிக் விரிசல் விடும்.

ஆரம்பிக்கும் முன், சென்டர் ஸ்டாண்ட் போட்டு மட்கார்டில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். பழைய போல்ட்டுகளை ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கழற்றாதீர்கள், மட்கார்டு லேசாகத் தொங்கினால்கூட ஓட்டைகளைச் சேர்ப்பதற்குள் உயிர் போய்விடும். ஒன்றைக் கழற்றினால் அதில் புதியதைப் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

இன்னொன்று, இதைத்தான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். மவுண்ட் தகடும் ஸ்பேசரும் சேர்வதால் புது போல்ட் நீளமாக இருக்கும், அதன் முனை மட்கார்டுக்குள் டயர் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கலாம். வண்டி சும்மா நிற்கும்போது இடைவெளி தாராளமாகத்தான் தெரியும், இரண்டு பேர் உட்கார்ந்து பள்ளத்தில் இறங்கினால் டயர் மேலே வரும். நான் போல்ட் முனையில் சப்பாத்தி மாவை உருண்டையாக ஒட்டி, ஸ்டாண்டை எடுத்துவிட்டு, தம்பியைப் பின்னால் உட்கார வைத்து நன்றாகக் குதிக்கச் சொன்னேன். மாவு ஒரு பக்கம் சப்பையாகிவிட்டது. அன்றைக்கே நீளம் குறைந்த போல்ட் வாங்கி மாற்றினேன்.

இண்டிகேட்டர் ஒயர் ஸ்டேக்கு அடியில் நசுங்குகிறதா என்று பாருங்கள். வலது பக்கம் சைலன்சர் இருப்பதால் துணிப் பை என்றால் பையை நிரப்பி மாட்டி இடைவெளி பாருங்கள், காலிப் பையை வைத்துப் பார்த்துப் பிரயோஜனமில்லை. ரப்பர் புஷ் கிறீச்சிட்டால் கிரீஸ் தடவாதீர்கள், ரப்பர் ஊறிவிடும், சோப்புத் தண்ணீர் போதும்.

முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நான் போல்ட் தலையிலிருந்து தகடு வரைக்கும் நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்திருக்கிறேன், போல்ட் துளி நகர்ந்தாலும் கோடு உடைந்து தெரியும், பெட்ரோல் போடும்போது ஒரு பார்வை பார்த்தால் போதும். வீட்டில் கேட்காமல் எடுத்ததற்கு வாங்கிய திட்டு தனிக் கணக்கு.