வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்: ஆட்டிசக் குழந்தைகளும் மெய்நிகர் பயிற்சியும்

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம் உள்ளவன். ஒருமுறை பேருந்தின் ஏர் ஹாரன் சத்தத்தில் மிரண்டதிலிருந்து எந்தப் பேருந்திலும் ஏற மறுக்கிறான். வி.ஆர். (கணினி உருவாக்கும் மெய்நிகர் சூழல்) கருவி மூலம் இந்த அச்சத்தைப் போக்கலாம் என்று நாங்கள் செல்லும் தெரபி மையத்தில் கூறுகிறார்கள். கட்டணம் அதிகம். நம்பிச் சேர்க்கலாமா?
ஒரு தாய், விழுப்புரம்

பதில்: தங்கள் மகனுக்கு இருப்பதைப் போன்ற குறிப்பிட்ட ஓர் அச்சத்தில்தான் இந்த முறையின் பயன் ஓரளவு தெளிவாகத் தெரிந்திருக்கிறது என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் மொராக் மாஸ்கி, ஜெரமி பார் ஆகியோரின் குழு, ‘புளூ ரூம்’ எனப்படும் அறையில் இப்பயிற்சியை அளித்து ஆராய்ந்தது. அறையைச் சுற்றியுள்ள திரைகளிலேயே காட்சி விரிவதால் குழந்தை கண்ணாடி எதையும் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை; சிகிச்சையாளரும் கூடவே இருப்பார். மூச்சைச் சீராக்கவும் உடலைத் தளர்த்தவும் முதலில் கற்றுக்கொடுத்துவிட்டு, அந்தக் குழந்தையின் அச்சத்துக்கென்றே உருவாக்கிய காட்சியை அது தாங்கக்கூடிய நிலையிலிருந்து தொடங்கி, அது அமைதியாக இருப்பது உறுதியான பிறகே அடுத்த படிக்குச் செல்வார்கள்.

2014-இல் வெளியான அவர்களது முதல் ஆய்வில் பங்கேற்ற 9 சிறுவர்களில் 8 பேர், தாம் அஞ்சிய சூழலை நேரில் எதிர்கொள்ளும் அளவுக்கு முன்னேறினார்கள். 2019-இல் வெளியான அடுத்த ஆய்வில் 8 முதல் 14 வயது வரையிலான 32 பேரை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு உடனடியாகவும் மற்றதற்குப் பின்னரும் பயிற்சி அளித்தபோது, ஆறு மாதம் கழித்து முதல் குழுவில் 38 விழுக்காட்டினரிடம் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. அதுவரை பயிற்சி பெறாத குழுவில் ஒருவரிடமும் அத்தகைய முன்னேற்றம் இல்லை. அக்குழுவில் ஐந்து பேருக்கு அச்சம் கூடியிருந்தது. பயிற்சி பெற்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குப் பலன் தெளிவாகத் தெரியவில்லை என்பதையும் இதே எண்கள் சொல்கின்றன. ஆகவே ‘நிச்சயம் குணமாகும்’ என்று வாக்களிக்கும் மையத்தைவிட, ‘முயன்று பார்க்கலாம்’ என்று சொல்லும் மையத்தையே நான் நம்புவேன்.

பணம் கட்டும் முன் ஒன்றைக் கேளுங்கள்: திரையில் பேருந்தில் ஏறிய பிறகு, உண்மையான பேருந்துக்கு எப்போது, யாருடன், எந்தப் படிகளில் அழைத்துச் செல்லப்போகிறார்கள்? ஓரிடத்தில் கற்றதை வேறோர் இடத்தில் பயன்படுத்துவது ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்குக் கடினம் என்பதால், இந்தக் கேள்விக்கு விடை இல்லாத பயிற்சி திரையோடு நின்றுவிடும். கூட்டமில்லாத மதிய நேரத்தில், நின்றுகொண்டிருக்கும் டவுன் பஸ்ஸில் ஏறி உடனே இறங்குவது, பிறகு ஒரே ஒரு நிறுத்தம் வரை செல்வது என்று தாங்கள் செய்ய வேண்டிய பங்கையும் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ‘குழந்தைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் வி.ஆர்.’ என்று விளம்பரங்களில் காண்கிறேன். கருவி எதைக் கண்டு, எதை மாற்றுகிறது?
சிறப்பாசிரியர் ஒருவர், மதுரை

பதில்: மிக எளிய வடிவில், குழந்தை சரியாகச் செய்தால் அடுத்த நிலைக்கும் தவறினால் முந்தைய நிலைக்கும் கருவி செல்கிறது, விளம்பரங்களில் பலவும் குறிப்பது இதையே. இதில் ஒரு குறை உண்டு. உள்ளுக்குள் மிகுந்த பதற்றத்துடன் இருக்கும் குழந்தைகூடச் சரியான பொத்தானை அழுத்திவிடும். தன் பதற்றத்தைச் சொல்லவும் அதற்குத் தெரியாமல் இருக்கலாம். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் நிலாஞ்சன் சர்க்காரின் குழு இந்தக் குறையைத்தான் எடுத்துக்கொண்டது. அக்குழுவில் பணியாற்றி, இப்போது காந்திநகர் ஐ.ஐ.டி.யில் இருக்கும் உத்தமா லாஹிரி உள்ளிட்டோர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தை மெய்நிகர் பாத்திரங்களுடன் உரையாடும்போது அதன் விடைகளை மட்டுமன்றி, பார்வை எங்கே எவ்வளவு நேரம் நிற்கிறது, கண்மணி எவ்வளவு விரிகிறது, எத்தனை முறை இமைக்கிறது என்பதையும் அளந்து, அதிலிருந்து ஈடுபாட்டை ஊகித்து உரையாடலின் கடினத்தை மாற்றும் அமைப்பை முன்வைத்தார்கள். நாடித்துடிப்பு, தோலின் மின்கடத்தும் திறன் ஆகியவற்றைப் பயன்படுத்தும் அமைப்புகளும் உண்டு.

இவை எனக்கு உண்மையான நம்பிக்கை தருகின்றன. எனினும், வியர்வையால் மாறும் தோலின் மின்கடத்தும் அளவு அச்சத்தில் உயர்வதைப் போலவே மகிழ்ச்சியான பரபரப்பிலும் உயரும், நம் ஊர்ப் புழுக்கத்திலும் உயரும். எனவே கருவி சொல்வதையும் குழந்தையின் முகத்தையும் சேர்த்துப் பார்த்து, தேவைப்பட்டால் கருவியின் முடிவை உடனே நிறுத்தக்கூடிய ஒருவர் அருகில் இருந்தாக வேண்டும். குழந்தை கைகளை உதறுவது பயத்தாலா, மகிழ்ச்சியாலா என்பது அன்றாடம் அதனுடன் பழகும் தங்களுக்குத் தெரியும். பயிற்சி தொடங்கும் முன் அதைத் தெரபிஸ்டிடம் சொல்லிவையுங்கள்.

கேள்வி: மகளுக்கு ஆறு வயது. தலையில் தொப்பிகூட வைக்க விடமாட்டாள். வீட்டிலேயே தலையில் மாட்டும் வி.ஆர். ஹெட்செட் வாங்கிப் பழக்கலாமா?
ஒரு தந்தை, கோவை

பதில்: வேண்டாம். மெட்டா நிறுவனம் தன் ஹெட்செட்டுக்கான குறைந்தபட்ச வயதை 2023-இல் 13-இலிருந்து 10 ஆகக் குறைத்தது. சோனி 12 என்கிறது. மெட்டாவின் குவெஸ்ட் 2 கருவியின் எடையே ஏறத்தாழ அரைக் கிலோ. தலையில் எதுவும் படுவதையே தாங்க முடியாத குழந்தைக்கு அதைப் பழக்குவது, இருக்கும் துன்பத்தோடு இன்னொன்றைச் சேர்ப்பதாகும். ஆட்டிசம் உள்ளவர்களிடையே வலிப்பு நோய் மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுவதால், எந்த வயதிலும் நரம்பியல் மருத்துவரிடம் கேட்காமல் மின்னும் காட்சிகளைக் கண்ணருகே வைக்கக் கூடாது. மகளுக்குப் பயிற்சி தேவையெனில் சாதாரணத் திரையில், தாங்கள் அருகில் அமர்ந்து, ஒலியை மிகக் குறைத்துத் தொடங்கலாம்.

கேள்வி: கண்ணைப் பார்த்துப் பேச வி.ஆர். மூலம் பழக்க முடியுமா?
வாசகி, சேலம்

பதில்: அப்படிப்பட்ட பயிற்சிகள் உள்ளன. ஆனால் நான் அதை முதல் இலக்காக வைக்க மாட்டேன். பிறர் கண்களை நேராகப் பார்ப்பது தங்களுக்கு வேதனையாக இருக்கிறது என்றும், பார்க்காதபோதுதான் பேச்சைக் கவனிக்க முடிகிறது என்றும் ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் கூறியிருக்கிறார்கள். குழந்தை பார்வையைத் திருப்பிக்கொள்வதால் சங்கடப்படுவது பெரும்பாலும் நாம்தான். சாலையைக் கடப்பது, பல் மருத்துவரின் நாற்காலியில் அமர்வது, ‘போதும், நிறுத்துங்கள்’ என்று சொல்வது ஆகியவற்றில் எது இல்லாமல் தங்கள் குழந்தை அன்றாடம் அவதிப்படுகிறது என்று பாருங்கள். பேச முடிந்த குழந்தையாயின் அதனிடமே கேளுங்கள், இல்லையேல் படங்களைக் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அந்த ஒன்றைத் தெரபிஸ்டிடம் எடுத்துச் சென்று, அதற்கு வி.ஆர். தேவையா, நேரடிப் பயிற்சியே போதுமா என்று கேளுங்கள்.